ஆடு இன்னும் தண்ணீரில் நிற்கிறது

ஜனவரி 5, திங்கள்

நடை: எட்டுச் சுற்று. (உண்மையில் ஆறு. ஏழாவதில் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். டாக்டர் இதை வாங்கிப் படிக்கவா போகிறார்?)

தினமும் எவ்வளவு நடந்தேன் என்று எழுதி வைக்கச் சொன்னவர் டாக்டர். அதற்கு டைரி கொடுத்தவர் வீட்டுக்காரர். அவருடைய கூட்டுறவு சங்கத்தில் இரண்டு கொடுத்தார்களாம். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. மேலே "எட்டுச் சுற்று" என்று எழுதிவிட்டு மீதியை வெறுமனே விட மனசு வரவில்லை. பக்கத்தை வீணாக்காதே என்று பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளை அதட்டி வந்தவள் நான்.

அதனால் இன்றைய நல்ல செய்தியை எழுதிவிடுகிறேன். வட்டார வள மையத்திலிருந்து அருள்மொழி மேடம் போன் செய்தார். அரையாண்டுத் தேர்வில், கதையைப் படித்து விடையளிக்கும் பகுதியில், எங்கள் நான்காம் வகுப்புதான் வட்டாரத்திலேயே முதல். இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபது பேர் பத்துக்குப் பத்து. பிப்ரவரி ஐந்தாம் தேதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது ஆசிரியர்கள் முன்னால் நான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் என் முறையையே எல்லாப் பள்ளிகளிலும் நடத்தச் சொல்வார்களாம்.

என் முறைக்கு நானே வைத்த பெயர் வரி வேட்டை. கேள்வியைப் படி. அதிலுள்ள பெரிய சொல்லைக் கதையில் தேடு. அந்தச் சொல் இருக்கும் வரியைப் பிடி. வாலை மட்டும் மாற்றி எழுது. கதை முழுவதையும் படித்துக்கொண்டிருந்தால் ஒரு பாடவேளை போதாது. வேட்டையாடினால் பதினைந்தே நிமிடம். அடக்கமாக எழுதத்தான் பார்க்கிறேன், பேனா கேட்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 8, வியாழன்

நடை: நான்கு. பனி.

பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் வந்த கதைத்தாளை அந்தியூர் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி முன்னும் பின்னுமாக எடுத்து வந்தேன். முன்பக்கம் பாதிக் கதை, ஐந்து கேள்வி. பின்பக்கம் மீதிக் கதை, ஐந்து கேள்வி. பிள்ளைகள் பதினான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

வீட்டில் ரசத்துக்குப் புளியை ஊறப் போட்டுவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன். புளி ஊறுவதற்குள் திருத்தி முடித்தாயிற்று. எனக்கு விடைக்குறிப்புகூடத் தேவையில்லை, கேள்வியைப் பார்த்ததும் வரி தானாகக் கண்ணில் படும். கடிதத்தைப் பிரித்தவர் யார்? கடிதத்தைப் பிரித்தவர் தையல்காரம்மா. சரி. அடுத்தது.

இருபத்தொரு பேர் பத்துக்குப் பத்து. சஷ்டிகா மட்டும் ஐந்து. முன்பக்கம் ஐந்தும் சரியாக எழுதியவள் பின்பக்கத்தைத் தொடவே இல்லை. கேள்விகளுக்கு நடுவில் கழுத்து வரை தண்ணீரில் நிற்கிற ஆடு ஒன்றைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி 9, வெள்ளி

நடை: ஐந்து.

சஷ்டிகாவை எழுப்பிக் கேட்டேன்.

"ஏன் கண்ணு, பின்பக்கத்த அப்படியே உட்டுட்டே?"

"ஆடு தண்ணிக்குள்ளயே நிக்குதுங் டீச்சர்."

"நான் ஆட்டைக் கேக்கல. ஆறாவது கேள்விக்கு விடை எங்க?"

"ஆருமே ஆட்டத் தூக்கலீங் டீச்சர். அந்தம்மா சிரிக்குதுங்க."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்கிற பிள்ளையை என்ன செய்வது? விட்டுப்போன ஐந்து விடைகளையும் மும்மூன்று தடவை எழுதச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

மாதிரி வகுப்புக்கு இவளை அழைத்துப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தலைமையாசிரியர் சென்னியப்பன் சாரும் "அதுஞ் சரிதானுங்க டீச்சர், நம்ம பள்ளிக்கோடத்துப் பேரு முக்கியமில்லீங்களா?" என்றார். எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் மொத்தமே அவரும் நானும்தான். ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஜனவரி 13, செவ்வாய்

நடை: இல்லை. ஒட்டடை, பரண், பாத்திரம். நாளைக்குப் பொங்கல் காப்பாக வாசலில் கட்டப் பூளைப்பூ கிடைக்கவில்லை, வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகத் தேடப் போயிருக்கிறார்.

ஜனவரி 19, திங்கள்

நடை: இல்லை. இன்று நடக்கிற மனநிலையில் நான் இல்லை.

காலையில் பிரார்த்தனை முடிந்ததும் சஷ்டிகாவின் அம்மா பூங்கொடி வந்து நின்றார். பட்டியில் பன்னிரண்டு ஆடு வைத்திருப்பவர்.

"டீச்சர், புள்ள பொங்கலுக்குக்கூடச் செரியாச் சாப்பிடலீங்க. பள்ளத்துப் பக்கம் ஒரு ஆட்டையும் ஓட்ட உட மாட்டேங்குது. ஏன் சாமின்னு கேட்டா, கதையில ஒரு குட்டி தண்ணிக்குள்ள நிக்குதாமா. அதுக்கு என்னாச்சுன்னு சொன்னீங்கன்னா நான் சொல்லிப்போடுவனுங்க."

"நல்லபடியாத்தான் முடியும்மா" என்றேன், டீச்சர் தோரணையில்.

"எப்படிங்க முடியுது?"

எனக்குத் தெரியவில்லை. பீரோவிலிருந்து தாளை எடுத்து வந்து, அவர் முன்னாலேயே, முதல் தடவையாகப் படித்தேன்.

"மந்தையை விட்டுப் பிரிந்த வெள்ளாட்டுக்குட்டி பள்ளத்தில் இறங்கியது. மழை கொட்டியது. தண்ணீர் குட்டியின் கழுத்து வரை ஏறியது. குட்டி கத்தியது. அப்போது" என்று முன்பக்கம் முடிகிறது. தாளைத் திருப்பினால், "கடிதத்தைப் பிரித்த தையல்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தபால்காரர் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு இரண்டாவது பஜ்ஜியைக் கையில் எடுத்தார்" என்று இருக்கிறது. அதற்கப்புறம் கடைசி வரி வரைக்கும் தையல்காரம்மாவும் தபால்காரரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டைக் காணோம். மழையைக்கூடக் காணோம்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு கதையின் முதல் பக்கத்துக்குப் பின்னால் வேறொரு கதையின் இரண்டாம் பக்கத்தை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூங்கொடி முன்னால் சிரிக்க முடியாமல் இருமினேன். "நாளைக்குச் சொல்லி அனுப்பறேன்" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

மத்தியானம் சத்துணவு முட்டையை எண்ணிக் கொடுக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தொரு பிள்ளைகள் அந்த ஆட்டைத் தாண்டிப் போய் பஜ்ஜியைப் பற்றிச் சரியாக விடை எழுதியிருக்கிறார்கள். இருபத்திரண்டு தாளைத் திருத்திய நானும் தாண்டித்தான் போயிருக்கிறேன். நின்று பார்த்தவள் ஒருத்திதான், அவளுக்கு ஐந்து மார்க்கும் எழுத்துத் தண்டனையும் கொடுத்தேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

நடை: போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்ததைச் சேர்த்தால் பத்துச் சுற்றுக்கு மேல்.

ஆட்டுக்கதையின் இரண்டாம் பக்கத்தைத் தேடினேன். என் போனில் இடமில்லை என்று காலை வணக்கப் படங்களோடு சேர்த்து அதையும் அழித்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் அன்றன்றைக்கு அழித்துவிடுவார்களாம். இதே தாளை நடத்திய ஐந்து பள்ளிகளுக்குப் போன் போட்டேன். தாள்களை எல்லாம் பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பரில் போட்டுவிட்டார்களாம், போனிலும் அழித்தாயிற்றாம். போகட்டும், ஆடு என்ன ஆனது என்றாவது சொல்லுங்கள் என்றேன்.

"ஆடுங்களா? ஒரு ஆடு வந்துச்சுங்க..." என்றார் ஒருவர். "கடைசீல நல்லாத்தானுங்க இருக்கும், நீதிக்கதைதானே" என்றார் இன்னொருவர். "எங்க பசங்க அத்தன பேரும் பத்துக்குப் பத்துங்க" என்றார் மூன்றாமவர். மற்ற இருவரும் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், கூப்பிடவில்லை.

தாளைக் குழுவில் போட்டவரே அருள்மொழி மேடம்தான். அவரையும் கேட்டேன். "அது வேற மாவட்டத்துலருந்து வந்ததுங்க மேடம். நான் கேள்விகள் சரியா இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன். பழைய போனோட எல்லாம் போச்சு" என்றார்.

இராச்சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் முழுவதையும் சொன்னேன். "அது கெடக்கட்டும், ஆட்டுக்கு என்னதான் ஆச்சு?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். மோர் ஊற்றும்போது ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை, விளக்கை அணைத்த பிறகு ஒரு தடவை.

ஜனவரி 21, புதன்

நடை: இல்லை.

நானே ஒரு முடிவு தயாரித்துக்கொண்டு போனேன். "அப்போது அந்த வழியாக வந்த ஒரு நல்ல மனிதர் ஆட்டைக் காப்பாற்றினார். நாமும் பிறருக்கு உதவ வேண்டும்." பிள்ளைகள் உடனே நோட்டைத் திறந்து "எழுதிக்கட்டுங்களா டீச்சர்?" என்றார்கள். சஷ்டிகா மட்டும் எழுதவில்லை.

"அவுரு பேரு என்னங்? அந்த மழையில அங்க எதுக்குங் வந்தாரு?"

பக்கம் மாறிப்போன கதையைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். டீச்சரும் படிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

தாளை மறுபடியும் கொடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிக்க வைத்தேன். ஆடு தண்ணீரில் நிற்க, அடுத்த வரியிலேயே தையல்காரம்மா விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் வந்ததும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. அப்போது பிரஜீன் எழுந்து கத்தினான்.

"டீச்சர்! ஆள் எதுக்குங் புதுசா? அதான் தபால்காரரு இருக்காருல்லீங்!"

அதற்குப் பிறகு கணக்குப் பாடம் நடக்கவில்லை. இரண்டு பாதியையும் ஒரே கதையாக்கிவிட வேண்டும் என்று இருபத்திரண்டு பேரும் குதித்தார்கள். ஆடு தத்தளிக்கும்போது அந்தம்மா சிரிக்கலாமா என்பதற்கே அரை மணி நேரம் சண்டை. கெட்டவள் என்றது ஒரு கட்சி. சஷ்டிகா எழுந்தாள்.

"அந்தம்மாளுக்கு இன்னுந் தெரியாதுங். மழைச்சத்தம். தையல் மெஷின் வேற ஓடுச்சு. காதுல உழுந்திருக்காதுங்."

"தபால்காரருக்குமா கேக்கல? அவுரு பஜ்ஜி தின்னுட்டு இருக்காரு!" என்றாள் தன்மயா.

"தின்னாருன்னு எங்க இருக்குது? கையில எடுத்தாருன்னுதான் போட்டிருக்குது. எடுக்கறப்பத்தான் சத்தம் கேட்டிருக்கும்."

நான் தாளைப் பார்த்தேன். கையில் எடுத்தார் என்றுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு பஜ்ஜியைப் பற்றி எங்கேயும் பேச்சே இல்லை. ஒன்பதாவது கேள்விக்குத் "தபால்காரர் இரண்டு பஜ்ஜி தின்றார்" என்று எழுதிய இருபத்தொரு பேருக்கும் நான் மார்க் போட்டிருக்கிறேன்.

கடைசியில் தபால்காரர் பஜ்ஜியைப் போட்டுவிட்டு ஓடினார். தையல்காரம்மா முழுப் பீஸ் துணியை உருவிக் கொடுத்தார். கழுத்தில் கட்டி இழுக்கலாம் என்ற பிரஜீனை சஷ்டிகா ஒரே அதட்டில் உட்கார வைத்தாள். "செத்துப்போயிரும். வயித்துக்கு அடியில குடுத்துத் தூக்கோணும்." குட்டி கரையேறியது. ஏறியதும் முதல் வேலையாகக் கடிதத்தைத் தின்றது. இது எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்ட முடிவு.

சத்தம் கேட்டு சென்னியப்பன் சார் ஓடிவந்தார். ஏதாவது பாம்பு வந்துவிட்டதோ என்று நினைத்தாராம்.

ஜனவரி 23, வெள்ளி

நடை: இல்லை.

சென்னியப்பன் சாரிடம் நூலக பீரோ சாவியைக் கேட்டேன். அரசு கொடுத்த கதைப்புத்தகங்கள் நூற்றுச் சொச்சம் அதற்குள் புது வாசம் மாறாமல் இருக்கின்றன. "புள்ளைங்க கிழிச்சுப்போட்டா நாளைக்கு நான்தானுங்க டீச்சர் பதில் சொல்லோணும்" என்றார். கிழிந்தால் நான் ஒட்டித் தருகிறேன் என்று பசை டப்பாவை அவர் மேசை மேல் வைத்தேன். சாவி கிடைத்தது.

நான்கு புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். எல்லாம் இருந்தன. கிணற்றுக்குள் நிலாவைத் தேடிப் போன நண்டுக் கதையை மட்டும் சந்தேகத்தின் பேரில் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

நடை: இல்லை. இன்னும் ஆறு புத்தகம் சரிபார்த்தாயிற்று. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 28, புதன்

நடை: இரண்டு. கவலையில் நடந்தது.

மாதிரி வகுப்புக்கு ஒத்திகை பார்த்தேன். புதுக் கதைத்தாள், பத்துக் கேள்வி, பதினைந்து நிமிடம். ஒரு பிள்ளையும் முடிக்கவில்லை. பாதிப் பேர் கதையைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். பிரஜீன் மூன்றாவது கேள்விக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறான். "நரி ஏன் பொய் சொன்னது?" என்ற கேள்விக்குத் தன்மயா, "நரி சொன்னது பொய் இல்லைங்க டீச்சர்" என்று ஆரம்பித்துக் காரணம் காட்டியிருக்கிறாள். அவள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. மார்க் என்னவோ ஆறு, ஐந்து, ஏழு. பத்து ஒன்றுகூட இல்லை.

சென்னியப்பன் சார் தாள்களைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், இன்னும் எட்டு நாளுதானுங்க இருக்குது. கல்வி அலுவலரும் வர்றாரு. பழையபடி வேட்டைக்கே உட்ருங்க. புள்ளைங்க அத மறக்கலியே?"

மறக்கவில்லை. இரண்டு நாள் பிடித்து வைத்தால் மறுபடியும் இருபத்தொரு பத்து வந்துவிடும். மேடையில் கைதட்டல் விழும். வட்டாரம் முழுக்க என் பெயரைச் சொல்லுவார்கள். அப்புறம் நாற்பது பள்ளிப் பிள்ளைகளும் ஆட்டைத் தாண்டிப் போவார்கள், அதற்கு முறை சொல்லிக் கொடுத்தவள் நானாக இருப்பேன். வேட்டையைக் காட்டாவிட்டாலோ, பத்துக்குப் பத்து கோகிலவாணி டீச்சர் என்று வாங்கிய பெயர் அன்றோடு போகும். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

என்ன வகுப்பு எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. என்ன புடவை என்பது முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

நடை: ஜெராக்ஸ் கடை வரை, நடந்தே.

சஷ்டிகாவின் பழைய தாளில் அவள் எழுதிய விடைகளையும் ஆட்டுப்படத்தையும் மறைத்து, முன்னும் பின்னுமாக நாற்பத்தைந்து பிரதி கேட்டேன். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது பக்கம் மாறியிருக்குதுங்க. முன்னால ஆடு நிக்குது, பின்னால பஜ்ஜி திங்கறாங்க. செரி பண்ணித் தரட்டுங்களா?"

"வேண்டாம். இப்படியே வேணும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் அவர் தாளைப் படித்திருக்கிறார். அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

மாதிரி வகுப்புப் பட்டியலில் சஷ்டிகாவின் பெயரையும் சேர்த்துவிட்டேன். "என்னமோ பண்றீங்க, நல்லா இருந்தாச் செரி" என்றார் சென்னியப்பன் சார்.

பிப்ரவரி 5, வியாழன்

நடை பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

வள மையத்துக் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் வட்டாரக் கல்வி அலுவலர், பக்கத்தில் அருள்மொழி மேடம். பிள்ளைகள் ஒரு ஓரமாகப் பாயில். நான் மைக்கைப் பிடித்து, "முதல்ல நீங்க எழுதுங்க, அப்புறம் பிள்ளைங்க" என்று எல்லோருக்கும் தாளைக் கொடுத்தேன். வரி வேட்டையை விளக்கி, ஐந்து நிமிடம் என்றேன். நாற்பது பேரும் மளமளவென்று எழுதினார்கள். கல்வி அலுவலர் எல்லோருக்கும் முதலில் முடித்துப் பேனாவை மூடினார். பக்கத்திலிருப்பவர் தாளைத் திருத்தச் சொன்னேன். எல்லோரும் பத்துக்குப் பத்து. கூடம் முழுக்கக் கைதட்டல். என் வாழ்க்கையிலேயே எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான், இரண்டு மூச்சு நேரம் அதை அனுபவித்துக்கொண்டேன்.

பிறகு கேட்டேன். "ஆடு எங்கே?"

தாள்கள் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் ஒரு டீச்சர் களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அருள்மொழி மேடம் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். கல்வி அலுவலர் மட்டும் தாளை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கியதும், "அப்ப இந்த வரி வேட்டைய மத்தப் பள்ளிகளுக்கு என்ன செய்யறதுங்க டீச்சர்?" என்று கேட்டார்.

"வேண்டாங்க சார். எந்தப் பள்ளிக்கும் வேண்டாம். எங்க பள்ளியிலயும் நிறுத்தியாச்சு."

சென்னியப்பன் சார் கண்ணை மூடிக்கொண்டது மேடையிலிருந்தே தெரிந்தது.

அப்புறம் பிள்ளைகள் தங்கள் கதையைச் சொன்னார்கள். துணியை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கும் இடத்தில் நாற்பது பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். குட்டி கடிதத்தைத் தின்றபோது கல்வி அலுவலர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் அத்தோடு இறங்கியிருக்கலாம். இறங்க முடியவில்லை. சஷ்டிகாவைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டு, மைக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தாளை முதலில் கொடுத்தது நான். படிக்காமலே திருத்தியது நான். படித்த ஒரே பிள்ளை இவள். இவளுக்கு ஐந்து மார்க் போட்டு, மும்மூன்று தடவை எழுத வைத்து, இங்கே வர வேண்டாம் என்றும் சொன்னேன். "தப்பு டீச்சர் மேலதான் கண்ணு. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

சஷ்டிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். மைக் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருந்தது.

"நீங்க படிக்கலீன்னு எனக்கு அப்பவே தெரியுமுங் டீச்சர். படிச்சிருந்தா, ஆட்டத் தண்ணிக்குள்ள உட்டுப்போட்டு மார்க் போட்டுட்டு இருந்திருப்பீங்களா?"

அவள் குறை சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறாள். நான் நாற்பது பேர் முன்னால் அழுதுவிட்டேன்.